தொலைவிலிருந்து ஓஎஸ் மாற்றம்: இன்ஸ்டாலர் கிளம்புகிறது, நெட்வொர்க் வரமாட்டேன் என்கிறது

கேள்வி: ரேக்கடி

ஸியான் 5600 வரிசை சிபியு உள்ள இரண்டு பழைய சர்வர்கள். இருப்பது தூரத்து டேட்டா சென்டரில், நேரில் போக வழியில்லை. இரண்டிலும் சென்ட்ஓஎஸ் 7. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டதால் டெபியன் 12-க்கு மாற்ற நினைக்கிறேன்.

பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்த உதவும் தனிச் சிப்) வழியாக பவரை ஆன், ஆஃப் செய்ய முடிகிறது. ஆனால் திரையைக் காட்டும் ஜாவா கன்சோல் இன்றைய கணினிகளில் திறப்பதே இல்லை. அதனால் டெபியன் நெட்பூட்டின் (நெட்வொர்க் வழியே நிறுவும் சிறு இன்ஸ்டாலர்) கெர்னலையும் இனிட்ஆர்டியையும் (கிளம்பும்போது ராமில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) பூட் பார்ட்டிஷனில் வைத்து, க்ரப் பூட்லோடரின் க்ரப்-ரீபூட் கட்டளை மூலம் ஒருமுறை மட்டும் அதில் கிளம்பும்படி செய்தேன். ப்ரீசீட் கோப்பில் (இன்ஸ்டாலரின் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில்கள்) நிலையான ஐபி, நெட்வொர்க்-கன்சோல் (இன்ஸ்டாலரை எஸ்எஸ்ஹெச் வழியாக இயக்கும் வசதி), அதன் பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கின்றன. ரீபூட் செய்தால் பிங் இல்லை, எஸ்எஸ்ஹெச் இல்லை. பவரை அணைத்துப் போட்டதும் பழைய சென்ட்ஓஎஸ் சமர்த்தாக வந்து நிற்கிறது. அதே நெட்வொர்க் கார்டு அதில் பிரச்சினையே இல்லாமல் ஓடுகிறது. இன்ஸ்டாலரில் மட்டும் ஏன் இப்படி?

பதில்: பழைய_இரும்பு

இவ்வளவு வயதான பெட்டிக்கு இத்தனை பாடு தேவையா? புது சர்வர் வாங்கிவிடுங்கள்.

பதில்: சீரியல்வாசி

மேலே சொன்னது தப்பில்லை, ஆனால் கேட்டது அதுவல்ல.

இப்போது ஓடும் சென்ட்ஓஎஸ்ஸில் ethtool -i கட்டளையைப் போட்டு டிரைவர் பெயரைப் பாருங்கள். பிஎன்எக்ஸ்2 என்று வந்தால் காரணம் அநேகமாக ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள்தான். அந்த டிரைவருக்குத் தனியாக ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். சென்ட்ஓஎஸ்ஸில் அது லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜோடு ஏற்கெனவே வந்திருக்கும். டெபியன் 12-இன் ஐஎஸ்ஓவில் ஃபர்ம்வேர் உண்டு, நெட்பூட் இனிட்ஆர்டியில் கிடையாது. அதனால் இன்ஸ்டாலர் "ஃபர்ம்வேர் இல்லை, யுஎஸ்பியிலிருந்து ஏற்றட்டுமா" என்று கேட்டுவிட்டு, யாருமே பார்க்காத திரையில் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் இது என் ஊகம். முதலில் கண்ணால் பாருங்கள். ஜாவா கன்சோலை விட்டுத்தள்ளுங்கள், சீரியல் ஓவர் லேன் (சோல்: சர்வரின் சீரியல் போர்ட்டை நெட்வொர்க் வழியே எழுத்துத் திரையாகக் காட்டும் வசதி) போதும். பிஎம்சியோடு ஐபிஎம்ஐ நெறிமுறையில் பேசும் ஐபிஎம்ஐடூலில் லான்பிளஸ் இன்டர்ஃபேஸ் கொடுத்து சோல் ஆக்டிவேட் செய்யுங்கள். "பொருந்தும் சைஃபர் சூட் (குறியாக்க முறைகளின் தொகுப்பு) இல்லை" என்று பிழை வந்தால் -சி 3 (பெரிய எழுத்து C) சேருங்கள். 1.8.19 பதிப்பிலிருந்து அது சூட் 17-ஐக் கேட்கிறது, பழைய பிஎம்சிக்கு அது தெரியாது.

இதைச் சோதிக்க ரீபூட்கூட வேண்டாம். சென்ட்ஓஎஸ்ஸிலேயே டிடிஒய்எஸ்1-க்கு (ttyS1, இரண்டாவது சீரியல் போர்ட்) சீரியல்-கெட்டி (அதில் லாகின் கேட்கும்) சர்வீஸை ஓடவிடுங்கள். சோலில் லாகின் வரி தெரிந்தால் பாதை சரி. எழுத்து குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை: பயாஸ், பிஎம்சி, கெர்னல் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும், வழக்கமாக 115200. அப்புறம் இன்ஸ்டாலரின் கெர்னல் வரியில் கன்சோல்=டிடிஒய்எஸ்1,115200என்8 என்பதைச் சேர்த்து மறுபடி கிளப்புங்கள்.

ரேக்கடி

டிரைவர் பிஎன்எக்ஸ்2-தான். சைஃபர் பிழையும் அப்படியே வந்தது, -சி 3 போட்டதும் வழிவிட்டது. சோலில் பார்த்தால் நீலத் திரையில் நீங்கள் சொன்ன அதே கேள்வி நிற்கிறது! இல்லை என்று சொன்னால் கார்டு இல்லாமலே மேலே போகிறது. இப்போது ஃபர்ம்வேரை எப்படி உள்ளே தள்ளுவது?

பதில்: சீரியல்வாசி

ஃபர்ம்வேர்-பிஎன்எக்ஸ்2 டெப் கோப்பை 'ஃபர்ம்வேர்' என்ற டைரக்டரியில் வைத்து, அந்த டைரக்டரியை நியூசி (newc) வடிவத்தில் சிபிஐஓ (cpio) கோப்புக் கட்டாக ஆக்கி ஜிஜிப் செய்யுங்கள். அதை இனிட்ஆர்டியின் வாலில் கேட் கொண்டு ஒட்டினால் போதும், கெர்னல் இரண்டையும் வரிசையாகப் பிரித்துக்கொள்ளும். டெபியனே தரும் முழு ஃபர்ம்வேர் சிபிஐஓவும் இருக்கிறது, ஆனால் ஒரு கார்டுக்காக அவ்வளவு பெரிய மூட்டையை ஏற்றுவானேன்.

பதில்: நிலைவட்டு

ஒரு எச்சரிக்கை. பூட் பார்ட்டிஷன் சாஃப்ட்வேர் ரெய்டில் (பல டிஸ்குகளை ஓஎஸ்ஸே ஒன்றாகச் சேர்க்கும் முறை) இருந்தால் க்ரப்பால் அதில் எழுத முடியாது. "ஒருமுறை மட்டும்" என்ற குறிப்பு அழியாமல், ஒவ்வொரு ரீபூட்டிலும் இன்ஸ்டாலருக்கே போகும். உங்களுக்குப் பழையது திரும்ப வந்ததால் அந்தச் சிக்கல் இல்லை. இரண்டாவது பெட்டியிலும் அதே அமைப்புதானா என்று முன்னாலேயே பாருங்கள்.

இன்ஸ்டாலர் ராமில் ஓடுவதால் பார்ட்டிஷன் மாற்றங்களை எழுதச் சொல்லும்வரை டிஸ்க் தொடப்படாது. அதற்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் பின்வாங்கலாம். பேக்கப் வேறு இடத்தில் இருக்கிறதா, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுக்க முடிகிறதா என்பதை அந்தக் கட்டத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.

பிஎம்சியை நேரடியாக இணையத்தில் திறந்து வைத்திருந்தால் உடனே விபிஎன்னுக்குப் பின்னால் தள்ளுங்கள். ஐபிஎம்ஐ 2.0-இன் வடிவமைப்பிலேயே, லாகின் செய்யாதவருக்கும் பாஸ்வேர்டின் ஹேஷைக் (அதிலிருந்து கணக்கிட்ட மறைவடிவம்) கொடுத்துவிடும் ஓட்டை இருக்கிறது.

ரேக்கடி

முதல் பெட்டி டெபியனில் ஓடுகிறது. இனிட்ஆர்டியில் ஒட்டியதும் கேள்வியே வரவில்லை, நேராக 'இன்ஸ்டாலர்' பயனராக எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்தேன். பேக்கேஜ் தேர்வில் எஸ்எஸ்ஹெச் சர்வர் முன்னதாகத் தேர்வாகி இருக்கவில்லை, இதே வழியில் போகிறவர்கள் அதைக் கவனியுங்கள். கடைசி ரீபூட்டுக்கு முன் ஷெல்லில் போய், நிலையான ஐபி புதிய சிஸ்டத்திலும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டாவதில் பூட் பார்ட்டிஷன் சாஃப்ட்வேர் ரெய்டில்தான் இருக்கிறது. அதில் கைவைக்கும் முன் என்ன செய்யலாம்?

பதில்: நிலைவட்டு

க்ரப்பைத் தொடாமல் கெஎக்ஸெக் (ஓடும் சிஸ்டத்திலிருந்தே நேராக வேறு கெர்னலுக்குத் தாவும் வசதி) செய்யுங்கள். ஓடும் சென்ட்ஓஎஸ்ஸிலிருந்தே அதே கெர்னல், ஒட்டிய இனிட்ஆர்டி, அதே கன்சோல் வரி. எங்காவது நின்றுவிட்டால் பவரை அணைத்துப் போடுங்கள், பழையதே கிளம்பும்.