எல்ஃபின் லேக்ஸ் குடிலுக்கு ஸ்னோஷூ நடை: பிப்ரவரியில் மூவர் செல்லத் திட்டம், ஆலோசனை தேவை

சர்ரேவாசி:

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரி நடுவில் நானும் என் மனைவியும் மைத்துனரும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கேரிபால்டி மாகாணப் பூங்காவிலுள்ள எல்ஃபின் லேக்ஸ் குடிலுக்கு ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமலிருக்கக் காலணியின் அடியில் கட்டும் அகன்ற சட்டம்) அணிந்து நடந்து சென்று, ஓர் இரவு தங்கித் திரும்ப எண்ணியிருக்கிறோம். குடிலில் மூன்று படுக்கைகளை முன்பதிவு செய்துவிட்டோம். கோடையில் இதே இடத்துக்கு நடந்திருக்கிறோம். ஆனால் பனியில் எங்களுக்கு இருப்பது சைமோர் மலையில் அரைநாள் நடந்த பழக்கம் மட்டுமே. ஒருவழித் தூரம் 11 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 600 மீட்டர் என்பது தெரியும். குளிர்காலத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும், பனிச்சரிவு குறித்து எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும், குடிலில் வெப்பமூட்டி இருக்கும்போது கனமான உறக்கப்பையைச் சுமக்கத்தான் வேண்டுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கரையோர நடையர்:

கோடை நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். முதுகில் இரவுத் தங்கலுக்கான சுமையுடன், பாதை ஓரளவு மிதிபட்டிருக்கும் நாளில் ஐந்து மணி நேரம், முந்தைய இரவு புதுப்பனி பெய்திருந்தால் ஆறு அல்லது அதற்கும் மேல் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பிப்ரவரி நடுவில் சூரியன் மாலை ஐந்தரை மணி அளவில் மறைகிறது. ஆகவே காலை ஒன்பது மணிக்காவது டயமண்ட் ஹெட் வாகன நிறுத்தத்தை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

முதல் 5 கிலோமீட்டர் பழைய சாலையொன்றின் வழியாகக் காட்டுக்குள் ஏறி, ரெட் ஹெதர் என்ற பகல்நேரக் குடிலில் முடிகிறது. அங்கே விறகடுப்பு உண்டு, இரவு தங்க அனுமதி இல்லை. உங்கள் பயணத்தின் உண்மையான முடிவை எடுக்க வேண்டிய இடம் அதுதான். அதற்கு மேல் பால் ரிட்ஜ் முகட்டில் மரங்கள் குறைந்து வெட்டவெளி வருகிறது. மேகம் இறங்கிவிட்டால் தரை எது வானம் எது என்று தெரியாத வெள்ளைக்குள், ஒரு வழிகாட்டிக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் கண்ணில் படாமலே நிற்க நேரிடும். ரெட் ஹெதரை அடைய நண்பகல் கடந்துவிட்டாலோ, அங்கிருந்து முகடு தெரியவில்லை என்றாலோ திரும்பிவிடுவது என்று வீட்டிலேயே மூவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மேலே போய்ப் பேசினால், முன்பதிவுக்குக் கொடுத்த பணம்தான் வாதத்தில் வெல்லும்.

இன்னொன்று: முகட்டின் உயரமான பகுதியைக் கடந்தபின் குடிலுக்கு இறங்கித்தான் செல்ல வேண்டும். எனவே மறுநாள் திரும்பும் நடை ஏற்றத்தில்தான் தொடங்கும்; எல்லாம் இறக்கம்தானே என்று காலையில் சோம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பனியியல் ஆர்வலர்:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் பனிச்சரிவைப் பற்றி அவர் பேசாமல் விட்டது சரியல்ல. கோடையில் நடந்த பாதை நினைவில் இருப்பது இங்கே உதவியைவிட ஆபத்தையே தரக்கூடும், ஏனெனில் கோடைப் பாதை ரெட் ஹெதருக்கு மேல் பனி சரியக்கூடிய மலைச்சரிவுகளின் குறுக்கே செல்கிறது, குளிர்காலப் பாதையோ அவற்றைத் தவிர்ப்பதற்காகவே முகட்டை ஒட்டிக் கம்பங்களால் குறிக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் கோடைக் கோடு மட்டும் இருந்தால் அதைப் பின்பற்றாதீர்கள். குளிர்காலத் தடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு வெளியிடும் பனிச்சரிவு முன்னறிவிப்பில் இந்தப் பூங்காப் பகுதிக்கு உரியதைப் படியுங்கள். அதிலுள்ள ஐந்து ஆபத்துப் படிநிலைகளில் மூன்றாவதைப் பலர் நடுத்தரம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். மனிதர்கள் தூண்டிவிடும் பனிச்சரிவுகள் நிகழ நல்ல வாய்ப்புள்ள நிலை அது. முகட்டில் அந்த நிலை இருந்தால், உங்கள் அனுபவத்துக்கு ரெட் ஹெதர் வரையிலான பகல் நடையே போதும் என்பது என் கருத்து. கம்பம் நட்ட பாதைக்குக் கருவிகள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஏற்பதில்லை. டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டறிய உதவும் சமிக்ஞைக் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் ஆய்வுக்கோல், பனியைத் தோண்டும் மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பனிச்சரிவுப் பாதுகாப்புக்கான இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சி வகுப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது.

பழைய முகாமி:

உறக்கப்பைக் கேள்விக்கு யாரும் வரவில்லை. குடிலில் 33 பேர் படுக்கலாம், புரொப்பேன் வெப்பமூட்டியும் சமைக்கும் அடுப்பும் உள்ளன. உள்ளே மட்டும் தூங்குவதாக இருந்தால் இலேசான பையே போதும். ஆனால் குடிலை அடைய முடியாமல் போனால் அந்தப் பைதான் உங்கள் வீடு. ஆகவே உறைநிலைக்குக் கீழ் தாங்கும் பையையே எடுத்துச் செல்லுங்கள், விரிப்புப் பாயும் உங்களுடையதாக இருக்கட்டும். பாத்திரங்களையும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.

கரையோர மலைகளில் குளிரைவிட ஈரமே பெரிய எதிரி. கீழே மழை, நடுவில் ஈரப்பனி, மேலே காற்று என்று ஒரே காலையில் மூன்றையும் சந்திப்பீர்கள். பருத்தி ஆடை ஒன்றுகூட வேண்டாம். கையுறை இரண்டு சோடியாவது வேண்டும். வெயில் ஏறிய பிற்பகலில் ஸ்னோஷூவின் அடிப்பற்களில் ஈரப்பனி கட்டியாக ஒட்டிக்கொண்டு, குதிகால் உயர்ந்து, கணுக்கால் புரளத் தொடங்கும். நின்று ஊன்றுகோலால் சட்டத்தைத் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

குடிநீருக்குப் பனியை உருக்க வேண்டும். கழிப்பறையிலிருந்து தள்ளி, மிதிபடாத இடத்தில் அள்ளுங்கள், பாத்திரத்தின் அடியில் முதலில் சிறிது தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அடிப்பிடிக்காது. புளியோதரை கட்டி எடுத்துச் செல்ல ஆசை வரும், வழியில் சோறு விறைத்துக் கல்லாகிவிடும். பேரீச்சம்பழமும் வறுத்த முந்திரியும் கையுறையைக் கழற்றாமலே தின்னக்கூடியவை. ஸ்கீ தடத்தின் மீது ஸ்னோஷூவால் மிதிக்காமல் பக்கத்தில் நடங்கள், வசவு மிஞ்சும்.

சர்ரேவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஜனவரியில் பயிற்சி வகுப்பில் சேர்கிறோம். அதன்பின் ரெட் ஹெதர் வரை ஒருமுறை ஒத்திகையாகச் சென்றுவருவோம். குளிர்கால டயர்கள் உள்ளன. வாகன நிறுத்தத்துக்கு ஏறும் அணுகுசாலைக்கு அவை போதுமா?

கரையோர நடையர்:

போதாது. கடைசிப் பகுதி செங்குத்தான மலைச்சாலை. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியானாலும் டயரில் மாட்டும் பனிச்சங்கிலியைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அதை மாட்டுவதை வீட்டு வாசலில் பழகிக்கொள்ளுங்கள், சரிவில் வண்டி வழுக்கிய பிறகு பெட்டியைப் பிரித்துச் செய்முறையைப் படிப்பவர்களால்தான் சாலை அடைபடுகிறது. எப்போது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். மேலே கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது. நேரம் தவறினால் அவர் 911-ஐ அழைத்தால் போதும், மீட்புக் குழுவுக்குத் தகவல் போய்விடும். இம்மாகாணத்தில் மீட்புக்குக் கட்டணம் இல்லை. செலவை எண்ணி அழைக்கத் தயங்க வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.