நியூ ஜெர்சியில் வீடு பார்க்கிறவர்களுக்கு: ஊர்கள் இணைந்தால் சொத்து வரி குறையுமா?

கேள்வி: அண்ணா, எடிசனில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். இப்போது சொந்த வீடு பார்க்கிறோம். ஒரு சின்ன பரோவில் (தனி நிர்வாகம் உள்ள சிற்றூர்) பிடித்த மாதிரி வீடு கிடைத்திருக்கிறது. ஆனால் வரி மட்டும் வருடத்துக்கு 13,000 டாலர். "இந்த ஊர் போலீஸையும் ஸ்கூலையும் பக்கத்து ஊரோடு சேர்க்கப் பேச்சு நடக்கிறது, வரி நன்றாகக் குறைந்துவிடும்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: தம்பி, 13,000 டாலரை வருடா வருடம் கட்ட முடியும் என்றால் வாங்குங்கள். நாளைக்குக் குறையும் என்று நம்பி வாங்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாக நானும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றதும் நம்மூர் மாவட்டம் போலப் பெரிதாக நினைத்துவிடுகிறோம். இங்கே இரண்டு பள்ளிக்கூடம் மட்டும் உள்ள ஊருக்குக்கூட தனி டிஸ்ட்ரிக்ட் உண்டு, அதற்குத் தலைமை அதிகாரியாகத் தனி சூப்பரின்டென்டென்ட் உண்டு. தமிழ்நாட்டில் போலீஸ்காரருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் சம்பளம் மாநில அரசு கொடுக்கிறது. நாம் நகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இங்கே உங்கள் தெருவில் ரோந்து வரும் போலீஸ்காரரின் சம்பளம், உங்கள் பிள்ளையின் டீச்சர் சம்பளத்தில் பெரும்பகுதி, இரண்டுமே உங்கள் வீட்டு வரியிலிருந்து போகிறது. மாநில உதவி வரும், ஆனால் வசதியான ஊர்களுக்குக் குறைவாகத்தான் வரும். அதனால்தான் மாநில சராசரி 2024இல் ஒரு வீட்டுக்கு 10,000 டாலரைத் தாண்டியது.

நியூ ஜெர்சியில் 564 உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. பள்ளி மாவட்டங்கள் சுமார் 600. பெர்கன் கவுண்டியில் (கவுண்டி என்பது பல ஊர்கள் சேர்ந்த, நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) மட்டும் 70 ஊர்கள். உங்களுக்கு மெட்டச்சன் தெரிந்திருக்கும். சுற்றிலும் எடிசன், நடுவில் தீவு மாதிரி ஒரு பரோ, அதற்குத் தனி போலீஸ், தனிப் பள்ளிகள். 1900இல் பிரிந்த ஊர் அது, அப்போது எடிசனுக்கே பெயர் ராரிட்டன் டவுன்ஷிப் (டவுன்ஷிப் என்பது பெரும்பாலும் பரோவைவிடப் பரப்பில் பெரிய ஊர்).

இப்படித் துண்டு துண்டாகப் போனதற்கு ஒரு காரணம் பள்ளி வரிதான். 1894இல் ஒரு டவுன்ஷிப்புக்கு ஒரே பள்ளி மாவட்டம் என்று மாநிலம் சட்டம் போட்டது. செலவைக் குறைக்கச் சேர்த்து வைக்கும் சட்டம். ஆனால் பரோவாகப் பிரிந்தால் தனி மாவட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் வழி இருந்தது. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு என் காசு ஏன் போக வேண்டும் என்று நினைத்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். பெர்கனில் அந்த ஒரே வருடத்தில் இருபதுக்கும் மேல் புதிய பரோக்கள் முளைத்தன. இன்றும் இணைப்புப் பேச்சு முறிவது பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

எப்படி என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன், இதைப் புரிந்துகொண்டால் பாதி புரிந்த மாதிரி. இரண்டு ஊர்கள் என்று வையுங்கள். முதல் ஊரின் மொத்த வீடு, கடை மதிப்பு 2 பில்லியன் டாலர், பள்ளி வரி வசூல் 20 மில்லியன். இரண்டாம் ஊரில் மதிப்பு 1 பில்லியன், வசூல் 16 மில்லியன். அதாவது 6 லட்சம் டாலர் வீட்டுக்கு முதல் ஊரில் பள்ளி வரி 6,000, இரண்டாம் ஊரில் 9,600. இரண்டையும் இணைத்து ஒரு மில்லியன் டாலர் மிச்சமும் பிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது மொத்தம் 35 மில்லியன், 3 பில்லியனுக்குப் பிரித்தால் அதே வீட்டுக்கு 7,000 வருகிறது. ஒரு ஊர்க்காரருக்கு 2,600 மிச்சம், இன்னொரு ஊர்க்காரருக்கு 1,000 கூடுதல். மொத்தச் செலவு குறைந்தும் முதல் ஊர்க்காரர்களுக்கு வரி ஏறுகிறது. இணைப்புக்கு ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக வாக்கெடுப்பில் ஒப்புதல் வேண்டும். முதல் ஊர்க்காரர் ஏன் சரி என்று சொல்வார்? நம்மூரில் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கும்போதெல்லாம் வரி ஏறும் என்று மக்கள் எதிர்க்கிறார்களே, ஏறக்குறைய அதே பயம்.

செலவைப் பங்கிடும் முறையை மாணவர் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கிடும்படி மாற்றிக்கொள்ள இடம் உண்டு. ஹன்டர்டன் கவுண்டியில் லாம்பர்ட்வில், ஸ்டாக்டன், வெஸ்ட் ஆம்வெல் மூன்றும் 2013இல் வாக்களித்து 2014இல் ஒரே பள்ளி மாவட்டமாக இணைந்தன. நடக்கிற காரியம்தான், ஆனால் அபூர்வம்.

அப்புறம், மிச்சம் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். இரண்டு சூப்பரின்டென்டென்ட் ஒருவராவார். அவர் சம்பளம் இரண்டரை லட்சம் டாலர் என்றால், 5,000 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு வருடத்துக்கு 50 டாலர். பள்ளிச் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளமும் மருத்துவக் காப்பீடும். பிள்ளைகள் எண்ணிக்கை அப்படியே இருக்கும்போது டீச்சர்களை அதிகம் குறைக்க முடியாது. இரண்டு ஊரின் சம்பள ஒப்பந்தத்தை ஒன்றாக்கும்போது குறைந்த சம்பளக்காரர் மேலே ஏறுவாரே தவிர, மேலே இருப்பவர் கீழே இறங்க மாட்டார்.

போலீஸில் நிலைமை கொஞ்சம் வேறு. ஒரு ரோந்துக் காரை 24 மணி நேரமும் ஓட்ட ஒரு போலீஸ்காரர் போதாது. வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருவர் வேலை செய்வது 40. விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் வேண்டும். மூவாயிரம் பேர் உள்ள ஊர் இரண்டு கார் ஓட்டினாலே பத்துப் பேர், மேலே சார்ஜன்ட், சீஃப், துப்பறியும் பிரிவு. இதைப் பக்கத்து ஊரோடு பகிர்ந்தால் உண்மையிலேயே மிச்சம் இருக்கிறது. முழு இணைப்பு கூட வேண்டாம், ஒப்பந்தம் போதும். மெர்சர் கவுண்டியில் ஹோப்வெல் பரோவுக்குச் சொந்த போலீஸ் இல்லை, ஹோப்வெல் டவுன்ஷிப் போலீஸ்தான் வருகிறது. அவசர அழைப்பு எடுக்கும் டிஸ்பாட்ச் மையத்தைக் கவுண்டியோடு சேர்த்துவிட்ட ஊர்கள் பல. இதுதான் அதிகம் நடக்கிறது, நல்லதும்கூட என்பது என் எண்ணம்.

ஆனால் சேர்ந்த மறுநாளே யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஓய்வு பெறுகிறவரின் இடத்தை நிரப்பாமல் விட்டுத்தான் எண்ணிக்கை குறையும், அதனால் மிச்சம் மெதுவாகத்தான் வரும். பிரின்ஸ்டனைப் பாருங்கள். பரோ, டவுன்ஷிப் என்று ஒரே பெயரில் இரண்டு ஊர்கள், பல தடவை வாக்கெடுப்பில் தோற்று, கடைசியில் 2011 நவம்பரில் ஜெயித்து, 2013 ஜனவரி 1 அன்று ஒன்றாகின. போலீஸ் படையும் ஒன்றானது, அளவும் சுருங்கியது. ஒன்றைக் கவனியுங்கள்: பள்ளி அங்கே ஏற்கனவே இரண்டு ஊருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. முக்கியமான சண்டைக்கு இடமே இல்லை. இணைந்த பிறகும் பிரின்ஸ்டனில் வரி மலிவு என்று சொல்லும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கேம்டன் கதையை வைத்தும் சிலர் பேசுவார்கள். 2013இல் நகர போலீஸைக் கலைத்துவிட்டு கவுண்டி போலீஸ் அமைத்தார்கள். பக்கத்து ஊர்களும் சேரும் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள், ஒன்றும் சேரவில்லை. பெயர்தான் கவுண்டி போலீஸ், காவல் காப்பது கேம்டன் நகரத்தை மட்டும். குற்றங்கள் குறைந்தன, அது பெரிய விஷயம். ஆனால் அதை வரி குறைப்புக்கு உதாரணமாகக் காட்டுவது பொருந்தாது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். எடிசன், சவுத் பிரன்ஸ்விக், பிஸ்காட்டவே மாதிரி பெரிய டவுன்ஷிப் என்றால், கின்டர்கார்டனிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அவர்களிடமே இருக்கிறது, இந்தப் பேச்சு உங்களைத் தொடாது. வெஸ்ட் வின்ட்சரும் பிளெய்ன்ஸ்பரோவும் வேறு வேறு கவுண்டி, ஆனால் பள்ளி மாவட்டம் ஒன்று, அங்கே இணைப்பு எப்போதோ முடிந்துவிட்டது. சின்ன பரோ என்றால்தான் விசாரிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிகிறதா, ஹைஸ்கூலுக்குப் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள்? கிரான்பரி பிள்ளைகள் பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்குப் போவது போல சில ஊர்கள் பணம் கட்டி அனுப்புகின்றன. 2022 ஜனவரியில் வந்த சட்டப்படி, இணைப்பு பற்றி ஆய்வு செய்ய மாநிலம் பணம் தருகிறது. அதனால் ஆய்வு நடக்கிறது என்று செய்தி வந்தாலே இணைப்பு வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று சொன்னால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010இல் வந்த அந்த வரம்பு, ஊர் மொத்தமாக வசூலிக்கும் தொகைக்கு. உங்கள் தனி பில்லுக்கு இல்லை. காப்பீடு, பென்ஷன், கடன் தவணை போன்றவற்றுக்கு விலக்கும் உண்டு.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது புதிதாகக் கட்டிய வீடு. கடன் கொடுத்த வங்கி, மனைக்கு மட்டும் போட்ட வரியை வைத்து எஸ்க்ரோ (வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு சேர்த்து வசூலிக்கும் தொகை) கணக்குப் போட்டது. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அடுத்த வருடம் கட்டடத்துக்கான வரி சேர்ந்து வந்தபோது மாதத் தவணை 700 டாலருக்கு மேல் எகிறியது. இரண்டாவது குழந்தை பிறந்த நேரம் அது, ஊருக்குப் போகும் பயணத்தை ரத்து செய்தோம். புது வீடு வாங்குகிறவர்கள் தயவுசெய்து முழு மதிப்புக்கு வரி எவ்வளவு வரும் என்று வரிக்காக வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் டவுன்ஷிப் அசெஸர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

கேள்வி: நன்றி அண்ணா. இன்னொரு சந்தேகம். பக்கத்து ஊர் ஸ்கூல் ரேட்டிங் குறைவு. சேர்ந்தால் நம் பிள்ளைகள் படிப்பு கெடும், வீட்டு விலையும் விழும் என்று எங்கள் வாட்ஸப் குழுவில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

பதில்: அந்தப் பயத்தை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனது கஷ்டமாக இருக்கிறது. ரேட்டிங் என்பது பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைத்தான் காட்டுகிறது. ஊர் எல்லையும் பள்ளி எல்லையும் ஒன்றாக இருப்பதால் கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளும் தனித்தனியாக ஒதுக்கப்படுகிறார்கள் என்று 2018இல் மாநிலத்தின் மேல் வழக்கே போட்டிருக்கிறார்கள். நாமும் வெளியிலிருந்து வந்து, இந்த ஊர்கள் கதவு திறந்ததால் உள்ளே வந்தவர்கள். வரிக் கணக்கு கட்டுப்படியாகவில்லை என்றால் இணைப்பை எதிர்க்கலாம், தப்பில்லை. அந்தப் பிள்ளைகள் வரக் கூடாது என்று எதிர்ப்பதில் நம் பெயர் சேரக் கூடாது. என் மகனோடு படிப்பவர்களில் பாதிப் பேர் பக்கத்து ஊர்க்காரர்கள். அவன் படிப்பு எந்த விதத்திலும் கெடவில்லை.

எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்த வாக்கெடுப்புகளில் நீங்கள் வாக்களிக்க முடியாது, குடியுரிமை வேண்டும். ஓட்டுநர் உரிமம் எடுக்க எம்விசி (மாநில மோட்டார் வாகன அலுவலகம்) போகும்போது வாக்காளர் பதிவு பற்றிக் கேட்பார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் கட்டாயம் வேண்டாம் என்று சொல்லுங்கள், தெரியாமல் பதிந்தால்கூட பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய சிக்கல் வரும். ஆனால் ஸ்கூல் போர்டு கூட்டத்திலும் கவுன்சில் கூட்டத்திலும் பொதுமக்கள் பேசும் நேரம் உண்டு. அங்கே பேச யாரும் விசா கேட்பதில்லை. எனக்குக் குடியுரிமை வருவதற்கு முன்பே மூன்று வருடம் போய்ப் பேசியிருக்கிறேன்.

அந்த வீட்டின் போன வருட வரி பில்லை ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள். அதில் பள்ளிக்கு, ஊருக்கு, கவுண்டிக்கு என்று தனித்தனி வரி இருக்கும். நூலகம், திறந்தவெளி நிலம் என்று சில்லறைகளும் இருக்கலாம். நான் பார்த்த பில்களில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது, போலீஸ் ஊர்ப் பங்குக்குள் அடக்கம். ஐந்து வருட பில்களை வைத்து ஒவ்வொரு வரியும் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். பில்லை இங்கே போட்டால், முகவரியை மறைத்துவிட்டு, நானும் பார்த்துச் சொல்கிறேன்.