புதுப்பிப்பு: சொந்த சாலிட் பாட் ஓடத் தொடங்கிவிட்டது
குறிப்புகளையும் தொடர்புப் பட்டியலையும் சொந்த சர்வரில் வைக்க சாலிட் (நம் தரவை ‘பாட்’ என்ற சொந்தக் கிடங்கில் வைத்து, செயலிகளுக்கு அனுமதி மட்டும் கொடுக்கும் முறை) சரிவருமா என்று இதே இழையில் கேட்டிருந்தேன். சரிவருகிறது. பாடை நடத்தும் மென்பொருளான கம்யூனிட்டி சாலிட் சர்வரை நிறுவினேன்; நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) இருந்தால் ஒரே கட்டளைதான், 3000-ஆம் போர்ட்டில் ஓட ஆரம்பித்துவிடும்.

ஆனால் அந்தக் கட்டளையை அப்படியே கொடுத்தால் எல்லாம் ரேம் நினைவகத்தில்தான் இருக்கும். சர்வரை நிறுத்தினால் தரவும் போச்சு! கோப்பில் சேமிக்கும் அமைப்பைச் சொல்லித் தொடங்க வேண்டும். அப்புறம் ஃபோல்டரைத் திறந்தால் குறிப்புகள் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கின்றன. பேக்கப் எடுக்க ரொம்ப வசதி.

டொமைனை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். வெப்ஐடி (சாலிட்டில் நம்மை அடையாளம் காட்டும் இணைய முகவரி) அந்த டொமைனில்தான் உருவாகிறது. பிறகு மாற்றினால், கொடுத்த அனுமதிகள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

சாலிட்டுக்கான செயலிகள்தான் இன்னும் குறைவு. படங்களுக்கு இப்போதைக்கு, கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்திங்தான்.