ஜப்பான் ஹோஸ்ட் வீட்டுல தப்பை நேரா சொல்லாம விட்டது மரியாதையா?

மழைக்குடை:
கனசாவாவுல ஒரு குடும்பத்தோட பத்து மாசம் தங்கிப் படிச்சேன், திரும்பி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு விஷயம் மட்டும் இன்னும் மனசை அறுக்குது. அங்க குளியல் தொட்டித் தண்ணி வீட்டுக்கே ஒண்ணுதான். வெளிய ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டு அலசிட்டுதான் தொட்டிக்குள்ள இறங்கணும், 40, 42 டிகிரி சூட்டுல கழுத்து வரைக்கும் தண்ணி, ஒருத்தர் முடிச்சதும் மூடி போட்டு வெச்சா அடுத்தவங்க இறங்குவாங்க. விருந்தாளின்னு என்னைத்தான் முதல்ல அனுப்புவாங்க. நான் சனிக்கிழமை தலைக்கு தேங்காண்ணெய் வெச்சு ஊறவிட்டு, ஷாம்பு போட்டு அலசிட்டுதான் இறங்குவேன், ஆனா நீள முடி, எண்ணெய் முழுசா போகல போல. தண்ணி மேல மெல்லிசா படலம் நின்னிருக்கு. எனக்குப் பின்னாடி தாத்தா, அப்பா, அவங்க பொண்ணு, கடைசியா அம்மா, எல்லாரும் அதுலதான் இறங்கிருக்காங்க. ஒருத்தரும் வாயே திறக்கல, "சூடு சரியா இருந்துச்சா"ன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சு, எங்களுக்கும் ஹோஸ்ட் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற கோஆர்டினேட்டர் என்னைக் கூப்பிட்டு "குளியல் விஷயத்துல அந்த வீட்டுல கொஞ்சம் சங்கடப்படறாங்க"ன்னு சொல்றார். எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல ஆயிடுச்சு. மகள் மாதிரின்னு சொன்னவங்க மூணாவது மனுஷன் கிட்ட சொல்லி அனுப்பலாமா?

நகோயாவாசி:
நான் இங்க ஒம்பது வருஷமா இருக்கேன் சகோ. உங்க வருத்தம் புரியுது, ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ரெண்டு மாசத்துல ஒரு சின்னக் குறிப்பு கூடவா இல்ல? முடி தொட்டித் தண்ணியில படவே கூடாதுங்கறது இங்க சின்னப் பசங்களுக்கே தெரியும், கொண்டை போட்டோ துண்டு சுத்தியோதான் இறங்குவாங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க.

மழைக்குடை:
இருந்துச்சு. அதை இப்ப எழுதறதுக்கே கஷ்டமா இருக்கு. மூணாவது வாரம் என் துண்டு மடிச்சு வெச்ச கூடையில புதுசா ஒரு ஷவர் கேப் இருந்துச்சு, வெளிர் நீலம், ஓரத்துல சின்னச் சின்னப் பூ. அம்மா ஆசையா வாங்கி வெச்சிருக்காங்கன்னு நினைச்சு "அரிகாதோ"ன்னு சொல்லி அலமாரியில பத்திரமா எடுத்து வெச்சுட்டேன். அடுத்த வாரம் ரப்பர் பேண்ட் ரெண்டு. அதையும் எடுத்து வெச்சேன்.

நகோயாவாசி:
அப்ப சொல்லிட்டாங்களே! அவங்க பாஷையில ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. உங்க முகம் வாடக் கூடாதுன்னு கடைக்குப் போய், பூப்போட்டதா பாத்து எடுத்து, கூடையில வெச்சிருக்காங்க. இதை விட மென்மையா எப்படிச் சொல்றது?

வைகைக்கரை:
இதை நான் ஒத்துக்க மாட்டேன். பாஷையே அரைகுறையா இருக்கிற பத்தொம்பது வயசுப் பொண்ணு கிட்ட தொப்பியை வெச்சுட்டுப் புரிஞ்சுக்கோன்னா எப்படிங்க? "கூக்கி யோமு", அதாவது காத்தைப் படிக்கிறதுன்னு அவங்களே சொல்வாங்க, வாயால சொல்லாததைப் புரிஞ்சுக்கறது. 2007 வாக்குல "கேஒய்"ன்னு ஒரு சுருக்கம் அங்க இளசுங்க நடுவுல ரொம்ப ஓடுச்சு, காத்தைப் படிக்கத் தெரியாதவன்னு அர்த்தம். அங்கயே பொறந்து வளந்தவங்களுக்கே வராத வித்தை, நம்ம புள்ளைக்கு மூணு வாரத்துல வரணுமா?

என் அனுபவம் சொல்றேன். ஒசாகா பக்கம் ஒரு வீட்டுல மூணு மாசம் இருந்தேன். நான் சுத்த சைவம், மீனும் சாப்பிட மாட்டேன்னு முதல் நாளே சொன்னேன். அந்தம்மா பாத்துப் பாத்து சமைச்சாங்க, தினம் மிசோங்கற புளிக்க வெச்ச சோயா விழுதுல சூப், நான் தினமும் ரெண்டு கிண்ணம் குடிச்சேன். ஒரு நாள் அடுப்படிக்குத் தண்ணி எடுக்கப் போனா, மரத்தூள் மாதிரி செதில் செதிலா ஒண்ணைப் பானையில அள்ளிப் போடறாங்க. கட்சுஓபுஷி, காயவெச்ச மீன் சீவல். அவங்களுக்கு அது மீன் கணக்குலயே வரல, சூப்புக்கு ருசி தர்ற "தாஷி" சாறு அவ்வளவுதான், நம்ம வீட்டு ரசத்துல பெருங்காயம் மாதிரி. வயித்தைக் கலக்கிடுச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரியே உக்காந்து அகராதியை வெச்சுக்கிட்டு நேரா சொன்னேன். பதறிப் போய் பத்து தடவை மன்னிப்பு கேட்டாங்க. மறுநாள்லேர்ந்து "கொம்பு"ங்கற கடல்பாசியும் காஞ்ச ஷிடாகே காளானும் ஊறவெச்ச தண்ணியிலதான் சூப். நேரா சொன்னதால ஒரே ராத்திரியில தீந்துச்சு, யார் மனசும் உடையல.

கீழமாசி:
வைகைக்கரை சொல்றதுல ஒரு வித்தியாசம் இருக்கு, நீங்க உங்க கஷ்டத்தைச் சொன்னீங்க, மழைக்குடையோட ஹோஸ்ட் அம்மா சொல்ல வேண்டியிருந்தது அடுத்தவங்க உடம்பு சுத்தத்தைப் பத்தி. நம்ம வீட்டுக்கு வந்த புள்ளை கிட்ட "உன் தலை எண்ணெய் தண்ணியில மிதக்குது"ன்னு நம்ம அம்மா சொல்லிடுவாங்களா? நம்ம ஊர்லயும் வாசல்ல நின்னு "போறேன்"னு சொல்றதில்ல, "போயிட்டு வரேன்"தான். அவங்களும் "இத்தேகிமாசு"ன்னுதான் சொல்றாங்க, அதே போயிட்டு வரேன். அந்த வார்த்தையை முதல் தடவை கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கோஆர்டினேட்டர் மூலமா சொல்றதும் அங்க புகார் கொடுக்கறதா அர்த்தம் இல்ல, ரெண்டு பக்கமும் முகம் சுருங்காம இருக்கத்தான் அப்படி ஒரு ஆளையே நடுவுல வெச்சிருக்காங்க.

மழைக்குடை:
அவங்க நல்லவங்க இல்லன்னு நான் சொல்லவே இல்லீங்க. டிசம்பர்ல அங்க பனி கொட்டும், தேங்காண்ணெய் பாட்டில்ல மெழுகு மாதிரி உறைஞ்சு கட்டியா நிக்கும். நான் சனிக்கிழமை வகுப்பு முடிஞ்சு வர்றப்ப ஒரு கிண்ணம் வெந்நீர்ல அந்த பாட்டில் நிக்கும், எண்ணெய் உருகி தெளிவா இருக்கும். யார் வெச்சதுன்னு கேட்டா அம்மா சும்மா தலையை ஆட்டுவாங்க.

நகோயாவாசி:
இது கோஆர்டினேட்டர் பேசினதுக்கு அப்புறமா, முன்னாடியா?

மழைக்குடை:
அப்புறம். ஒரு மாசம் இருக்கும்.

நகோயாவாசி:
பாருங்க! எந்த எண்ணெயால அவங்க சங்கடப்பட்டாங்களோ அதையே உங்களுக்காக உருக்கி வெச்சிருக்காங்க, அதையும் சொல்லாமத்தானே செஞ்சாங்க? அந்த மௌனத்துல அன்பை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை வேணாங்கறது நியாயமா?

மழைக்குடை:
ரெண்டு தடவை படிச்சேன் இதை. ஆனாலும் என் பக்கத்துலேர்ந்து நான் இறங்கல. வெந்நீர்ல வெச்ச பாட்டில் எனக்குப் புரியலன்னாலும் யாருக்கும் நஷ்டம் இல்ல. தொப்பி புரியாததால அந்தத் தாத்தா அஞ்சாறு வாரம் என் தலை எண்ணெயில குளிச்சிருக்கார். கோஆர்டினேட்டர் சொன்ன அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் மன்னிப்பு கேட்டப்ப அம்மா எனக்குத் திருப்பி குனிஞ்சு "முதல்லயே சொல்லித் தந்திருக்கணும், தப்பு என் மேல"ன்னாங்க. அவங்களே சொன்னதுதாங்க.

நகோயாவாசி:
சரி, அவங்களே அப்படிச் சொல்லியிருந்தா அதுக்கு மேல நான் வாதாட மாட்டேன். தொப்பி வரைக்கும் என் கட்சிதான். முதல் தடவை புரியலன்னு தெரிஞ்சதும் வாயால சொல்லியிருக்கலாம், ஒத்துக்கறேன்.

புதுவரவு:
நான் ஏப்ரல்ல போறேன், இதெல்லாம் படிச்சு பயமா இருக்கு. எண்ணெய் எடுத்துட்டுப் போகலாமா வேணாமாக்கா?

மழைக்குடை:
தாராளமா எடுத்துட்டுப் போம்மா. தலையைக் காலையில தனியா ஷவர்ல அலசிக்கலாமான்னு கேட்டுக்கோ, நான் கடைசி ஆறு மாசம் அப்படித்தான் செஞ்சேன். ராத்திரி முடியைத் தூக்கிக் கட்டிட்டு இறங்கு. முடிச்சதும் தொட்டி அடைப்பானைப் பிடுங்கிடாத, உனக்குப் பின்னாடி வீடே காத்திருக்கும். முதல் நாள் ராத்திரியே "ஓயு வா சோனோமாமா தே இய் தெசு கா"ன்னு கேளு, தண்ணியை அப்படியே விடலாமான்னு அர்த்தம். கூடையில ஏதாவது புதுசா இருந்தா, எதுக்குன்னு அப்பவே கேட்டுடு.