பழுது பார்த்தாச்சு, ஸ்மாக் சோதனைக்கு வண்டி தயாரா? (கலிஃபோர்னியா அனுபவங்கள்: குறடு, நெடுஞ்சாலை, சைலன்சர் என்ற புனைபெயர்களில் மூவர் பகிர்ந்தவை)

குறடு:
பழுதைச் சரியாகவே பார்த்திருப்பார்கள், செக் இன்ஜின் விளக்கும் அணைந்திருக்கும். ஆனாலும் ஸ்மாக் (வண்டிப் புகை) சோதனை நிலையத்திலிருந்து வண்டி தோற்றுத் திரும்பும். இப்படி வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஸ்கேனரால் பழுதுக் கோடை (வண்டிக் கணினி பதித்த குறியீட்டை) அழித்த கையோடு சோதனைக்குப் போய்விடுகிறார்கள். கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ, கணினி அதுவரை தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த முடிவுகளும் சேர்ந்தே அழிந்துவிடும். இந்தச் சோதனைகளைத்தான் மானிட்டர் என்கிறார்கள். 2000 மாடல் முதல் வந்த பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைக்குழாயில் கருவி வைத்து அளப்பதில்லை; கணினியைத்தான் கேட்கிறார்கள். அது "இன்னும் பார்க்கவில்லை" என்றால் தோல்விதான்.

கலிஃபோர்னியா விதி: 2000 மாடல் முதல் பெட்ரோல் வண்டிகளில் ஈவாப் (டேங்கின் பெட்ரோல் ஆவி வெளியே கசியாமல் தடுக்கும் அமைப்பு) மானிட்டர் மட்டும் முடியாமல் இருக்கலாம். 1996 முதல் 1999 வரை உள்ளவற்றில் ஏதாவது ஒன்று. டீசலுக்குக் கணக்கு வேறு. மற்ற மாநிலங்கள் பலவற்றில் 2001 முதல் ஒன்று, அதற்கு முன் இரண்டு என்று விடுவார்கள். அந்தச் சலுகையை நம்பி இங்கே வராதீர்கள்.

மிஸ்ஃபயர் (சிலிண்டரில் சரியாக எரியாமை), எரிபொருள், பொதுவான பாகங்கள் ஆகிய மூன்றும் ஓட ஓடத் தாமே முடிந்துவிடும். ஆக்சிஜன் சென்சார், அதன் ஹீட்டர், கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர்), ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் அமைப்பு), ஈவாப் இவைதான் இழுத்தடிக்கும்.

நெடுஞ்சாலை:
ஓட்டும் முறை ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும். உங்கள் மாடலுக்கான டிரைவ் சைக்கிள் (மானிட்டர்கள் முடிய எப்படி ஓட்ட வேண்டும் என்ற வரிசை) கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள். கிடைக்காவிட்டால் பொதுவாகப் பலன் தருவது இது. இரவு முழுக்க, குறைந்தது 8 மணி நேரம், வண்டி நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் 2 அல்லது 3 நிமிடம் ஐடிலில் விடுங்கள். பல வண்டிகளில் ஹீட்டர் சோதனை இந்தக் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் நடக்கும். பிறகு ஊருக்குள் நின்று நின்று 10 நிமிடம். அப்புறம் ஃப்ரீவேயில் 55 முதல் 60 மைல் வேகத்தில், முடிந்தால் குரூஸ் கன்ட்ரோல் போட்டு, 10 நிமிடம் சீராக. வெளியேறியபின் பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, காலை எடுத்துவிட்டு பிரேக் தொடாமல் 20 மைல் வரை இறங்க விடுங்கள். இந்த இறக்கத்தை மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். காலை எடுத்ததும் கணினி பெட்ரோலை நிறுத்தும். அந்த நேரத்தில்தான் பல வண்டிகள் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரையும் ஈஜிஆரையும் பார்த்துக்கொள்கின்றன. ஞாயிறு விடியற்காலை இதற்கு உகந்த நேரம். நெரிசலில் மணிக்கணக்காக ஓட்டினாலும் ஒன்றும் நகராது.

ஆக்சிஜன் சென்சார் முடியாமல் கேட்டலிஸ்ட் பெரும்பாலும் தொடங்காது. அதனால் கேட்டலிஸ்ட் வரவில்லையே என்று பொறுமை இழந்து மறுபடி கோடை அழித்தால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து.

சைலன்சர்:
எவ்வளவு ஓட்டியும் மானிட்டர் ஏறவில்லை என்றால் முதலில் கூலன்ட் வெப்பத்தை ஸ்கேனரில் நேரலையாகப் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருந்தால் ஃப்ரீவேயில் வெப்பம் இறங்கும். 195 டிகிரி ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட் போட்ட இன்ஜின் 160-இலேயே தடுமாறினால் பல சோதனைகளைக் கணினி தொடங்கவே தொடங்காது. இன்ஜின் போதிய வெப்பம் அடையவில்லை என்னும் பி0128 கோடு பிறகுதான் வரும். அடுத்து பென்டிங் கோடுகள், அதாவது இன்னும் உறுதியாகாத பழுதுக் கோடுகள். விளக்கு எரியாது, ஆனால் உள்ளே ஒரு பென்டிங் கோடு இருந்தாலே அதைச் சார்ந்த மானிட்டர்கள் நின்றுவிடலாம்.

ஈவாப் தனி ரகம். டேங்கில் 15 முதல் 85 சதவீதம் வரை பெட்ரோல் இருந்தால்தான் அந்தச் சோதனை ஓடும். பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வெப்பம் சுமார் 40 முதல் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். ஃப்ரெஸ்னோவில் கோடைப் பகலில் அது நடக்காது, விடியலில்தான் முடியும். பம்ப் நின்றபின் இன்னும் கொஞ்சம் என்று அழுத்தி நிரப்பினால், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி கேனிஸ்டரில் பெட்ரோல் ஊறி, கேனிஸ்டரே கெடும். பி0456 கோடு என்பது ஈவாப் அமைப்பில் 0.020 அங்குல ஓட்டை, அதாவது அரை மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, குழாய்களுக்குள் புகையைச் செலுத்தும் புகை மெஷின்தான் காட்டும். அதன் அழுத்தத்தையும் 0.5 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக் கூடாது. நல்ல சீல்களும் போய்விடும். குளிர்ந்த இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பர்ஜ் வால்வின் (டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வ்) டேங்க் பக்கக் குழாயைக் கழற்றி, வால்வின் அந்த வாயில் விரல் வையுங்கள். அந்த நேரத்தில் உறிஞ்சினால் வால்வ் பெரும்பாலும் திறந்தபடி மாட்டியிருக்கிறது.

குறடு:
2010 மாடல் முதல் வந்த வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பெர்மனென்ட் கோடு. 2019 ஜூலை 1 முதல் இதற்கும் தோல்வி உண்டு. ஸ்கேனரால் அழியாது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. அந்த மானிட்டர் ஓடித் தேறினால் தானாகப் போகும். போகாவிட்டாலும், கோடு அழித்த பின் 15 வார்ம்-அப்பும் 200 மைலும் கடந்திருந்தால் சோதனையில் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வார்ம்-அப் என்றால் கூலன்ட் குறைந்தது 40 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறி 160-ஐத் தொட வேண்டும். கடைத்தெருவுக்குப் போய் வருவது கணக்கில் சேராது. இந்த இரண்டு எண்களையும் ஓரளவு நல்ல ஸ்கேனரே காட்டும்.

பி0420 கோடுக்கு (கேட்டலிஸ்ட் திறன் குறைவு) கன்வெர்ட்டர் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு: முதலில் மிஸ்ஃபயர், மேனிஃபோல்ட் கசிவு, இன்ஜின் ஆயில் தின்பது ஆகியவற்றைச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் புதியதும் சீக்கிரமே போகும். விலை மலிவு என்று வெளிமாநிலப் பாகத்தை வாங்காதீர்கள். கன்வெர்ட்டரின் வெளிக்கூட்டில் கலிஃபோர்னியா காற்று வாரியத்தின் அனுமதி எண் பொறித்திருக்க வேண்டும், அது உங்கள் மாடலுக்கும் உரியதாக இருக்க வேண்டும். மானிட்டர் எல்லாம் தேறினாலும் எண் இல்லையென்றால் கண்பார்வைச் சோதனையில் தோற்பீர்கள்.

நெடுஞ்சாலை:
கிளம்பும் முன் சாவியை ஆன் நிலையில் வைத்து செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பல்பு போயிருந்தால் அதுவும் தோல்வியே. சந்தேகம் இருந்தால் நிலையத்தில் முன்சோதனை கேளுங்கள், பல இடங்களில் செய்து தருகிறார்கள்.