தமிழ் வாசிக்கத் திணறும் மகளுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். என் மகள் தமிழ்வழியில் மூன்றாம் வகுப்பு. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். வாசிக்கச் சொன்னால் திணறுகிறாள். தனி எழுத்துகள் தெரியும். கொம்பு வந்தால்தான் சிக்கல். 'கொ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கெ', 'கே', 'கொ' மூன்றும் குழம்பிவிடுகின்றன. 'பல்', 'தம்பி' இரண்டிலும் அதே பகரம் வேறுவேறாக ஒலிப்பதும் அவளைத் தடுமாற வைக்கிறது. கண்ணில் குறையில்லை. சோம்பேறி என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இது டிஸ்லெக்சியாவா, அதாவது வாசிப்பைத் திணற வைக்கும் கற்றல் குறைபாடா என்று தமிழிலேயே சோதித்துப் பார்ப்பவர்கள் மதுரைப் பக்கம் இருக்கிறார்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் வாங்கியவர்கள் விவரம் சொல்லுங்கள். அப்புறம், சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சியை வீட்டில் எப்படித் தொடங்கினீர்கள்?