பாயிண்ட் 22 ரைஃபிளில் பேரல் நீளமானால் குண்டு வேகம் கூடுமா?

வேளச்சேரி புரோன்:
எல்லோருக்கும் வணக்கம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் இருந்து 50 மீட்டர் புரோனுக்கு (படுத்துச் சுடும் போட்டி) மாறிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு கிளப்பின் பாயிண்ட் 22 (0.22 அங்குலத் துளை) ரைஃபிள்தான், பேரல் (குண்டு ஓடி வெளியே வரும் குழாய்) 26 அங்குலம் இருக்கும். சொந்தமாக ஒன்று வாங்க லைசென்ஸ் வேலை நடக்கிறது, விலைக்கு வந்திருக்கும் ரைஃபிளில் பேரல் 20 அங்குலம். நீளம் குறைந்தால் வேகம் குறையும், 50 மீட்டரில் குண்டு இறங்கிவிடும், அதனால் வேண்டாம் என்று ரேஞ்சில் ஒரு சீனியர் உறுதியாகச் சொல்கிறார். படித்துப் பார்த்தால் பெரிய சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் அடித்து வெடிக்கும் வகை) ரைஃபிள்களுக்குப் பேரலில் ஓர் அங்குலம் குறைந்தால் விநாடிக்கு 20, 25 அடி வரை வேகம் போகும் என்று இருக்கிறது. பாயிண்ட் 22-க்கும் அதே கணக்குதானா? சென்னை வெயில் இதில் ஏதாவது செய்யுமா?

அம்பத்தூர் லேத்:
அதே கணக்கு இல்லை தம்பி. சென்டர்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்து நிறைய இருக்கும், மெதுவாக எரியும், 24 அங்குலம் தாண்டியும் வாயு குண்டைத் தள்ளிக்கொண்டே வரும், அதனால் அங்கே ஒவ்வொரு அங்குலமும் காசு. நாம் சுடும் பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் என்ற தோட்டாவில் இருக்கும் மருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அதுவும் சட்டென எரிந்துவிடும். அப்புறம் குண்டு முன்னால் போகப் போக பின்னால் இடம் பெருகுகிறது, அழுத்தம் விழுந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் வாயு தள்ளும் விசையும் பேரலுக்குள் ஈயம் உரசும் விசையும் சமமாகிவிடும். சாதாரணமாக அது 16 முதல் 19 அங்குலத்துக்குள் நடக்கும், ஹை வெலாசிட்டி (அதிவேக) தோட்டாவில் கொஞ்சம் தள்ளிப் போகலாம். அதற்கு மேல் நீட்டினால் வேகம் அப்படியே நிற்கும், இல்லையென்றால் கொஞ்சம் குறையவே செய்யும். உங்கள் 20 அங்குலத்தில் இருந்து வரும் குண்டு 26 அங்குலத்தில் இருந்து வருவதற்குச் சமமாகவோ ஒரு பிடி கூடுதலாகவோ வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரே நீளம், ஒரே கம்பெனி, இரண்டு பேரல் எடுத்து குரோனோகிராஃபில் (குண்டு வேகம் அளக்கும் கருவி) சுட்டுப் பார்த்தால் அவற்றுக்குள்ளேயே வித்தியாசம் வரும், உட்துளையும் சேம்பரும் (தோட்டா உட்காரும் இடம்) அவ்வளவு நுட்பமான விஷயம். வேகத்தை வைத்து அந்த ரைஃபிளை வேண்டாம் என்று சொல்வதில் நியாயமே இல்லை.

பழைய கோச்:
மேலே சொன்னது சரி. இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் இதில்தான் குழம்புகிறார்கள். எல்லாத் தோட்டாவும் ஒரே மாதிரி விநாடிக்கு 3 மீட்டர் வேகம் குறைந்து போனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பின் சைட்டின் (குறி பார்க்கும் பாகம்) திருகில் சில கிளிக் ஏற்றினால் முடிந்தது. ஸ்கோரைத் தின்பது தோட்டாவுக்குத் தோட்டா மாறும் வேகம்தான். மேட்ச் (போட்டிக்கான) தோட்டா விநாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும், 50 மீட்டர் போவதற்குள் ஈர்ப்பால் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் இறங்கும். இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே விநாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் அது மட்டுமே 8 மில்லிமீட்டர் அளவுக்கு மேல்-கீழாகக் காட்டும். இலக்கில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் மொத்த விட்டமே 10.4 மில்லிமீட்டர்! அதனால் பேரலை அளப்பதை விட்டுவிட்டு நான்கைந்து லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) தோட்டா வாங்கி, ரைஃபிளை அசையாமல் தாங்க வைத்து ஒரே குறியில் பல தோட்டா சுட்டு எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள், எந்த லாட் அந்தப் பேரலுக்குப் பிடிக்கிறதோ அதைப் பெட்டி பெட்டியாக வாங்கி வையுங்கள்.

வெயில் பற்றிக் கேட்டீர்கள். ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், நம்ம ஊர் மே மாத 40 டிகிரியில் 355. மேட்ச் தோட்டா ஒலிக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்றுதான் அந்த வேகத்தில் செய்கிறார்கள், ஆகவே வெயில் அந்த வகையில் நமக்கு நல்லது. விநாடிக்கு 380 மீட்டரில் கிளம்பும் ஹை வெலாசிட்டி தோட்டா 50 மீட்டருக்குள் ஒலி வேகத்தைக் கடந்து கீழே வருகிறது, அந்தக் கடக்கும் இடத்தில்தான் குண்டு தடுமாறும், இலக்குச் சுடுதலுக்கு அது வேண்டவே வேண்டாம். ஆனால் தோட்டாப் பெட்டியை பைக் டிக்கியிலோ வெயில் படும் மேசையிலோ வைக்காதீர்கள், மருந்து சூடானால் அழுத்தமும் வேகமும் ஏறும். பெட்டி பாதி வெயில் பாதி நிழல் என்று கிடந்தால் ஒரே லாட்டே இரண்டு லாட் போல நடந்துகொள்ளும்.

வேளச்சேரி புரோன்:
ரொம்ப நன்றி சார், அண்ணா. அப்படியென்றால் மேட்ச் ரைஃபிள்களில் ஏன் அவ்வளவு நீளமான பேரல்? கிளப் ரைஃபிளையும் வெட்டிக் குறைத்துவிடலாமா என்று ஒருவர் கேட்கிறார்.

அம்பத்தூர் லேத்:
முதலில் இரண்டாவது கேள்வி. வெட்டவே கூடாது, பேச்சுக்குக்கூட வேண்டாம். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 6 படி துப்பாக்கியின் பேரலைக் குறைப்பதற்கே தனியாக லைசென்ஸ் வேண்டும், பட்டறையில் தெரிந்தவர் இருக்கிறார் என்று கொடுத்தால் கொடுத்தவர், வெட்டியவர் இருவருமே குற்றவாளிகள். அது போக, மசில் (குண்டு வெளியேறும் பேரல் முனை) விளிம்பு துளைக்குச் செங்குத்தாக, பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும், அது ஒரு பக்கம் சாய்ந்தால் வாயு குண்டின் அடியை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும்.

இனி முதல் கேள்வி. நீளத்துக்குக் காரணம் சைட் ரேடியஸ், அதாவது இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரம். முன் சைட்டும் பின் சைட்டும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு துல்லியமாகக் குறி பார்க்கலாம். அதற்குப் பேரலே நீளமாக வேண்டும் என்பதில்லை, மசிலில் ஒரு குழாய் மாட்டி அதன் மேல் முன் சைட்டை வைப்பது பழைய வழக்கம். நீங்கள் சுட்ட மேட்ச் ஏர் ரைஃபிளையே பாருங்கள், பலவற்றில் உள்ளே பேரல் 42 சென்டிமீட்டர் அளவுதான், மிச்சம் வெறும் உறை. இந்த 20 அங்குல ரைஃபிளை எடுத்தால் குழாய் மாட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள், போட்டி விதியில் நீளம், எடை எல்லை இருக்கிறது, நடுவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பழைய கோச்:
குட்டைப் பேரலில் இன்னொரு லாபமும் உண்டு. 26 அங்குலப் பேரலில் கூடுதலாக இருக்கும் கடைசி 15 சென்டிமீட்டரைக் கடக்க குண்டுக்கு அரை மில்லி விநாடி ஆகும், அவ்வளவு சீக்கிரமாக அது பேரலை விட்டு வெளியே போய்விடுகிறது, ட்ரிகர் இழுத்த பிறகு கை அசைவது அதைப் பாதிக்கும் நேரம் குறைகிறது. முன்பக்க எடை குறைவதால் சிலருக்கு ரைஃபிள் ஆடுகிற மாதிரி இருக்கும், அதற்கு முனையில் எடை போடலாம். வாங்குவதற்கு முன் ஸ்லிங் (கையோடு ரைஃபிளைத் தாங்கும் வார்) மாட்டி, ஜாக்கெட் போட்டு, புரோனில் படுத்து அரை மணி நேரமாவது பிடித்துப் பாருங்கள் தம்பி.